பத்துப் பவுணுக்கு விலைபோன கம்பனி

டிக்கோயாக் கடைவீதியின் ஓரத்தில் உள்ள சிறு கராஜ் ஒன்றிலே, சென்ற வாரம், பழைய ஒஸ்டின் கார் ஒன்று நின்றது. அறுபது வயதைக் கடந்த வண்டி. அதன் அடியிலே படுத்து வேலை செய்துகொண்டிருந்த முதிய பாஸ் எழுந்து வந்து, கையைத் துடைத்தவாறே, "இதைச் செஞ்ச கம்பனி செத்துப் பல வருஷமாச்சுங்க ஐயா. வண்டி இன்னும் ஹட்டனுக்கு ஏறி இறங்குது" என்றார்.

என்னோடு வந்திருந்த மாணவன் ஒருவன் அதைக் கேட்டுத் திகைத்தான். அவனுடைய தமையன் ஜப்பானிலே கார்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை பெறும் நோக்கத்துடன் ஜப்பானிய மொழி பயின்று வருகிறான். "பெரிய கம்பனின்னா பயமில்லைன்னு அம்மா சொல்றாங்க. அப்படிப்பட்ட கம்பனியும் சாகுமா ஐயா?" என்று கேட்டான். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் வெளிநாட்டை நம்பிப் புறப்படும் இந்நாளில், இக்கேள்வி ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று.

சாகும் என்பதே விடை. ஏன் என்பதை முதலிற் பார்ப்போம். எத்தகைய நெருக்கடி வந்தாலும் அரிசியையும் மாவையும் வாங்காமல் இருக்க முடியாது. மோட்டார் வண்டியோ அத்தகையதன்று. "பழைய வண்டியே இன்னும் இரண்டு வருடம் ஓடட்டும்" என்று சொல்லிவிடலாம். அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டில் 1 கோடியே 60 இலட்சத்துக்கு மேற்பட்ட புதிய வாகனங்கள் விலைபோயின. பொருளாதாரம் சரிந்தபின், 2009இல், அத்தொகை 1 கோடியே 4 இலட்சமாகச் சுருங்கிற்று. இரண்டே ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு வியாபாரம் போய்விட்டது.

வரவு சுருங்குவது போலச் செலவு சுருங்குவதில்லை. நம்மவர் ஸ்டோர் என்று வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையை எண்ணிப் பாருங்கள். கொழுந்து மிகுதியாக வந்தாலும் வரட்சியிற் குறைந்தாலும் அடுப்பு எரியத்தான் வேண்டும். இயந்திரம் சுழலத்தான் வேண்டும். பட்ட கடனுக்கு வட்டி கட்டத்தான் வேண்டும். கார்த் தொழிற்சாலையின் நிலையும் அதுவே. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானையைத் தூக்கி நிறுத்துவது எளிதன்று என்பதையும் அதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, கராஜில் நின்ற அந்த ஒஸ்டின் காரின் குலவரலாற்றைக் கேளுங்கள். ஹேர்பேர்ட் ஒஸ்டின் என்பவர் 1905ஆம் ஆண்டில் பேர்மிங்காம் நகரை அடுத்த லோங்பிரிட்ஜ் என்னும் இடத்தில் அக்கம்பனியைத் தொடங்கினார். ஒக்ஸ்போர்ட் நகரில் சைக்கிள் பழுதுபார்த்து வந்த வில்லியம் மொரிஸ் 1913இல் தம் முதற் காரைச் செய்தார். அவர் பெயர் தாங்கிய மொரிஸ் மைனர் கார் 1948இல் வெளிவந்து, 16 இலட்சத்துக்கும் மேலாக விற்பனையாயிற்று. போட்டியாளராய் இருந்த இவ்விரு கம்பனிகளும் 1952இல் ஒன்றாயின. 1968இல் மேலும் பல கம்பனிகளைச் சேர்த்துக்கொண்டு, பிரிட்டிஷ் லேலண்ட் என்னும் பெருநிறுவனம் எழுந்தது.

பெருகியதே வலிமை என்று பலரும் நம்பினர். ஆனால், ஒன்றோடொன்று போட்டியிடும் பலவகைக் கார்களும், ஓயாத தொழிற் பிணக்குகளும், குறைந்த தரமும் உள்ளே இருந்து அரித்தன. 1973இல் எண்ணெய் விலை ஏறி, உலகெங்கும் வியாபாரம் மந்தமானபோது கம்பனி தாங்கவில்லை. 1975இல் பிரித்தானிய அரசாங்கம் அதனைத் தன் பொறுப்பில் ஏற்றது. பின்னர் பெயர் மாறிற்று, உடைமையாளரும் மாறினர். 1994இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பனி அதனை வாங்கிப் பெருநட்டம் அடைந்து, 2000ஆம் ஆண்டில் மினி என்னும் காரைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையை நடத்திய ரோவர் கம்பனியைப் பத்துப் பவுணுக்கு ஒரு குழுவினரிடம் கொடுத்துவிட்டது. நேயர்கள் பத்துப் பவுண் தங்கம் என்று எண்ணிவிட வேண்டா. இங்கிலாந்தின் பத்துப் பவுண் தாள் ஒன்று, அவ்வளவே!

2005 ஏப்ரலில் அதுவும் வீழ்ந்தது. ஏறக்குறைய 6,000 தொழிலாளர் வேலை இழந்தனர். ஆயின், அக்கம்பனியை நடத்திய ஐவர் ஊதியமும் ஓய்வூதியமுமாக ஏறத்தாழ 4 கோடியே 20 இலட்சம் பவுண் பெற்றிருந்தனர் என்பதை 2009இல் வெளிவந்த அரசாங்க விசாரணை அறிக்கை காட்டிற்று. கப்பல் மூழ்கும்போது எல்லாரும் ஒருங்கே நனைவதில்லை.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ், கிரைஸ்லர் என்னும் இரு பெருங் கம்பனிகளும் 2009இல் வங்குரோத்து நீதிமன்றத்தை நாடின. அரசாங்கம் ஜெனரல் மோட்டர்ஸுக்கு மட்டும் ஏறத்தாழ 5,000 கோடி டொலர் வழங்கி அதைக் காப்பாற்றியது. அதில் 1,000 கோடிக்கு மேல் திரும்பவில்லை. போர்ட் கம்பனி மட்டும் நீதிமன்றம் செல்லாமல் தப்பியது. அது தப்பிய வகையை நம் இல்லத்தரசிகள் நன்கு அறிவர். கெட்ட காலம் முற்றுமுன், 2006இல், தன் தொழிற்சாலைகளையும், நீல வட்டத்தில் எழுதிய தன் பெயர்ச் சின்னத்தையுங்கூட ஈடுவைத்து 2,360 கோடி டொலர் திரட்டிக்கொண்டது. தாலிக்கொடியை அடகு வைத்துக் குடும்பத்தைக் காப்பது போன்ற செயல் அது. அச்சின்னத்தை மீட்பதற்கு 2012ஆம் ஆண்டுவரை சென்றது.

மாணவனுடைய தமையன் போக விரும்பும் ஜப்பானுக்கு வருவோம். நிசான் கம்பனி 1952இல் இதே ஒஸ்டின் கம்பனியுடன் உடன்படிக்கை செய்து, ஒஸ்டின் கார்களை ஜப்பானிலே பொருத்தத் தொடங்கிற்று. பாகங்கள் முதலில் இங்கிலாந்திலிருந்து வந்தன. சில ஆண்டுகளில் அவற்றை ஜப்பானியரே செய்யக் கற்றனர். குரு மறைந்தார், சீடர் உலகம் எங்கும் கடை விரித்தார். ஆனால் அந்தச் சீடரும் 1999இல் கடனில் மூழ்கி, பிரான்சின் ரெனோல்ட் கம்பனியின் கையைப் பற்றிக் கரையேறினார். 2025 மே மாதத்தில் நிசான், 20,000 வேலைகளைக் குறைத்து, 17 தொழிற்சாலைகளைப் பத்தாகச் சுருக்கப்போவதாக அறிவித்தது. ஜெர்மனியின் வொக்ஸ்வாகன் கம்பனியோ 2030ஆம் ஆண்டுக்குள் 35,000 வேலைகளைக் குறைப்பதற்கு 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்துடன் உடன்பாடு கண்டது. சீனத்தின் மின்சாரக் கார்கள் சந்தையில் நெருக்கும்போது, பழம்பெருமை கேடயமாவதில்லை.

இவையெல்லாம் நமக்குப் புதிய செய்தியா? பிரிட்டிஷ் லேலண்ட் அரசாங்கத்தின் கைக்கு மாறிய அதே 1975ஆம் ஆண்டிலேதான், நம் மலையகத்துக் கம்பனித் தோட்டங்களும் இலங்கை அரசாங்கத்தின் கைக்கு மாறின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. பெயர்ப்பலகை மாறிய ஒவ்வொரு முறையும் லயத்திலே கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நம்ம பேர் செக்ரோலில இருக்குமா?" லோங்பிரிட்ஜ் தொழிலாளியின் வீட்டிலும் அக்கேள்வியே எழுந்திருக்கும்.

பெயர்கள் மறைந்தபின் எஞ்சியது யாது? வேலை அறிந்த கை எஞ்சிற்று. இங்கிலாந்தில் மொரிஸ் மைனரைப் பேணுவோருக்கு வேண்டிய உடற்தகடுகள், தாய்க்கம்பனி கைவிட்டபின், ஒரு காலத்தில் நம் இலங்கையிலேயே செய்து அனுப்பப்பட்டன. 2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு அது மீளத் திறக்கப்படும்வரை, இருக்கும் வண்டிகளை ஓடவைத்தவர்கள் கராஜ் பாஸ்மாரே. கம்பனிகளின் நெருக்கடியும் நாட்டின் நெருக்கடியும் அவர்களுடைய கைக்கு வேலையைக் கொடுத்தனவேயன்றி எடுக்கவில்லை.

ஆதலால் அம்மாணவனிடம் நான் சொன்னது இதுதான்: "உங்கள் அண்ணன் போகட்டும் தம்பி, தாராளமாகப் போகட்டும். ஆனால் கம்பனியின் பெயரைப் பார்த்து மட்டும் கையெழுத்திட வேண்டாம். வேலை எத்தனை ஆண்டுக்கு, இடையில் நின்றால் என்ன நட்டஈடு, என்ன தொழில் கற்பிப்பார்கள் என்று கேட்கச் சொல். போகுமுன் வாங்கும் கடன் இரண்டு ஆண்டுச் சம்பளத்தை விழுங்காதபடி பார்த்துக்கொள்ளச் சொல். திரும்பி வரும்போது சீருடையோடு மட்டும் வராமல், ஒரு தொழிலோடு வரச் சொல்."

பாஸ் அதைக் கேட்டுச் சிரித்தார். "அந்த அண்ணனைப் போறதுக்கு முன்ன ஒரு மாசம் இங்க அனுப்புங்க தம்பி. ஸ்பானர் பிடிக்கவாவது தெரிஞ்சுக்கிட்டுப் போகட்டும்" என்றார். மாணவன் தலையசைத்தான். தமையன் வருவான் என்றே நம்புகிறேன்.