ஒரு பேர்கருக்கு எத்தனை பேர்?

தோட்டத்துல ஒரு நாள் வேலையை "ஒரு பேர்" என்று சொல்லுவோம். காலையில பெரட்டுக்கு நின்று, மலைக்கு ஏறி, கேட்ட நிறைக்குக் கொழுந்து எடுத்தா செக்ரோல்ல ஒரு பேர் விழும். நிறை குறைஞ்சா அரைப்பேர். எங்க வீடுகள்ல எந்தச் சாமான் வாங்கினாலும் விலையை இந்தக் கணக்குலதான் பார்ப்பாங்க. சப்பாத்து ஜோடி மூணு பேர், ஃபோன் ஒரு மாசப் பேர். அதனால கொழும்புல ஒரு இசை நிகழ்ச்சிக்குப் போறதுக்கு முன்னால கூட்டாளிகளோட பேர்கர் சாப்பிட்ட படத்தைப் போட்டா, "ஒரு பேரை ஒரே வாயில முழுங்கியாச்சா?" என்று கேள்வி வரும்.

இந்தக் கேள்வியைக் கேட்கிறவங்க ரெண்டு வகை. முதல்ல வீட்டு ஆட்கள். அவங்களுக்குக் கேட்க உரிமை இருக்கு. நாள் சம்பளம் 1000 ரூபாய் ஆனதே 2021இல்தான். 2024 செப்டம்பர்ல அடிப்படைச் சம்பளம் 1350 ஆச்சு. 2026 வரவு செலவுத் திட்டத்துல அது 1550, அதோட அரசாங்கம் தரும் வரவுக் கொடுப்பனவு 200, மொத்தம் 1750 என்று அறிவிச்சாங்க. இந்த ஒவ்வொரு நூறு ரூபாய்க்குப் பின்னாலயும் எத்தனை போராட்டம், எத்தனை பேச்சுவார்த்தை என்று எங்களுக்குத் தெரியும். அந்தக் காசை எண்ணி எண்ணிச் செலவு பண்ணின அம்மா, பேர்கர் விலையைக் கேட்டு முகம் சுளிச்சா நாங்க கோவிக்க மாட்டோம்.

ரெண்டாவது வகை வேற. "தோட்டத்துப் புள்ளைகளுக்கு எதுக்கு இந்தக் கச்சேரியும் பேர்கரும்?" என்று கேட்கிறவங்க. அவங்க வீட்டுப் புள்ளைகள் வாரத்துக்கு ரெண்டு தரம் சாப்பிட்டா அது சாதாரணம். நாங்க வருஷத்துக்கு ரெண்டு தரம் சாப்பிட்டா அது திமிர்.

ரெண்டு பேருக்கும் எங்க பதில் ஒண்ணுதான். நிகழ்ச்சிக்கு முந்தின அந்த ராச்சாப்பாடு ஆடம்பரம் இல்ல. டிக்கெட் மாதிரி, பஸ் காசு மாதிரி, அதுவும் செலவுக் கணக்குல முதல்லயே இருக்க வேண்டிய ஒண்ணு.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்றோம் என்றா, எங்க ஆட்கள் முதல்ல வெட்டுறதே சாப்பாட்டைத்தான். டிக்கெட் விலையைக் குறைக்க ஏலாது. பஸ் காசைக் குறைக்க ஏலாது. வயித்தை மட்டும்தான் குறைக்கலாம். ஹட்டன்ல இருந்து கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழியா கொழும்புக்கு நாலைந்து மணித்தியாலம். காலையில வீட்டுல சாப்பிட்ட ரொட்டியும் சம்பலும் மத்தியானமே கரைஞ்சு போகும். பிறகு வாசல்ல வரிசை. உள்ளே போனா நிற்கணும். சொன்ன நேரத்துக்குத் தொடங்குற நிகழ்ச்சி எங்க நாட்டுல அபூர்வம். ராத்திரி பத்தரை, பதினொன்று வரைக்கும் கத்தி, ஆடி, பிறகு புறக்கோட்டைக்கு வந்து மலைக்குப் போற பஸ்ஸுக்குக் காத்திருக்கணும். இதையெல்லாம் ஒரு ரோல்ஸையும் ஒரு சாயத்தண்ணியையும் வச்சு ஓட்டினா, பாதியில தலை சுத்தும். ஆசைப்பட்டுக் காசு சேர்த்துப் போன நிகழ்ச்சியில, பிடிச்ச பாட்டு வர்ற நேரம் ஒரு மூலையில குந்திக்கொண்டு இருக்கிறது என்ன கணக்கு?

சரி, சாப்பிடணும். ஆனா ஏன் பேர்கர்? எங்களுக்குள்ளேயே இதுக்கு எதிர்க்கட்சி இருக்கு. கொத்துதான் சரி என்பது அவங்க வாதம். ஒரு கொத்தை ரெண்டு பேர் பங்கு போடலாம், வயிறு நிறையும், காசும் குறைவு. இதுல பொய் இல்ல. சுகததாச பக்கம் நிகழ்ச்சி என்றா கொட்டாஞ்சேனை நடந்து போற தூரம். அங்க தமிழ்ல கேட்டுச் சாப்பிடக் கடைகள் இருக்கு. நாங்களும் அங்கதான் போவோம். நெலும் பொக்குன பக்கம் என்றா கதை வேற. கொழும்பு 7இல எங்க கையில இருக்கிற காசுக்கு ஒரு கதிரை கிடைக்கிறதே கஷ்டம்.

பேர்கர் கடையோட நல்ல விஷயம் சாப்பாட்டுல மட்டும் இல்ல. விலை பலகையில பெரிசா போட்டிருக்கும். படத்தைக் காட்டிக் கேட்கலாம். சிங்களம் சரளமா வராட்டியும், எங்க தமிழைக் கேட்டு "எந்த ஊரு?" என்று ஒரு மாதிரியா பார்க்கிற ஆள் இருந்தாலும், அங்க அதுக்கு வேலை கம்மி. உட்கார மேசை இருக்கு, கழிவறை இருக்கு. எங்களோட வர்ற தங்கச்சிமார், கூட்டாளிப் புள்ளைகள் பாதுகாப்பா ஒரு மணித்தியாலம் இருக்கலாம். ஊர்ல இருந்து வர்ற ஒருத்தருக்கு, வாசல் திறக்கும் வரைக்கும் தங்கியிருக்க வேற இடம் எது? வீடு கொழும்புல இருக்கிறவங்களுக்கு இந்தக் கேள்வியே வராது.

"வெள்ளைக்காரன் சாப்பாடு" என்று சொல்ற பெரியவங்களுக்கு ஒரு வார்த்தை. இந்த நாட்டுக்குத் தேவையான கோதுமை கிட்டத்தட்ட முழுக்கக் கப்பல்ல வருது. லயத்து அடுப்புல சுடுற ரொட்டியும் அதே மாதான். மலைக்குக் கட்டிக்கொண்டு போற சாப்பாடு ரொட்டியும் சம்பலுமா இருந்தப்போ அது யாருக்கும் உறுத்தல. அதே மா பணிஸா வந்து நடுவுல ஒரு துண்டு கோழி இருந்தா மட்டும் உறுத்துது.

அதுக்காகக் கம்பனி கடைக்கெல்லாம் கொடி பிடிக்கிறோம் என்று நினைக்க வேண்டாம். மெக்டொனால்ட்ஸ் 1998இல இலங்கைக்கு வந்தது. 2024 மார்ச்சுல அதோட 12 கடையும் மூடிக் கிடந்தது. பெயர் பெரிசா இருந்தா எல்லாம் சரி என்று இல்ல. கொழும்புல சின்னச் சின்ன பேர்கர் கடைகள் நிறைய இருக்கு. பாதி விலையில, கண் முன்னாலயே சுட்டுத் தருவாங்க. கட்டுப்படியாகிற பேர்கர் என்று நாங்க சொல்றது இதைத்தான்: அரைப்பேருக்குள்ள முடியணும். பெரிய கடைக்குப் போனா சிப்ஸ், கோலா சேர்ந்த மீல் வேண்டாம், பேர்கரை மட்டும் எடுங்க, தண்ணிப் போத்தலைக் கையோட கொண்டு போங்க. உட்கார்ந்து சாப்பிடுற ரெஸ்டூரண்ட் என்றா மெனுவோட அடியில இருக்கிற சின்ன எழுத்தைப் பாருங்க. 10 வீத சேவைக் கட்டணமும் 18 வீத வற் வரியும் தனியா சேர்க்கிற இடங்கள் இருக்கு. 1500 என்று போட்டிருந்தா கையில கிட்டத்தட்ட 1950 வேணும். அது ஒரு பேரைத் தாண்டுது. அங்க போறதுக்கு எங்க வாதம் உதவாது.

இப்ப உண்மையான கேள்விக்கு வருவோம். ஒரு பாட்டுக் கேட்க ஏன் இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கு? மலையகத்துக்குக் கச்சேரி புதுசு இல்ல. மாசியில காமன் கூத்து என்றா ராப்பூரா தப்புச் சத்தம். தோட்டத்துத் திருவிழாவுல இசைக்குழு விடிய விடிய பாடும். அங்க டிக்கெட்டும் இல்ல, பசியும் இல்ல. அன்னதானம் இருக்கும், கடலைக்காரர் இருப்பார், வீடு பக்கத்துலயே இருக்கும். கொழும்புல பாட்டு, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் தனித்தனி பில்.

2021இல வந்த எஞ்சாய் எஞ்சாமி உலகம் முழுக்க ஓடிச்சு. அதை எழுதின அறிவுவோட பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தோட்டத்துல வேலை செய்து, பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவங்க. அந்தப் பாட்டுக்குப் பின்னால இருக்கிற வாழ்க்கை எங்க பாட்டிமாரோட வாழ்க்கை. அந்தப் பாட்டுல வேலை செய்த சந்தோஷ் நாராயணன் 2023 ஒக்டோபர்ல யாழ்ப்பாணத்துல இலவசமா நிகழ்ச்சி நடத்தினார். கொழும்புக்கு வெளியே நடத்த ஏலும் என்று அதுலயே தெரிஞ்சுது. மலைநாட்டுல இடம் இல்லையா? 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி வந்தப்போ நோர்வுட் மைதானத்துல ஆயிரக்கணக்குல ஆட்களைக் கூட்டினாங்க. ஹட்டன்ல டன்பார் மைதானம் இருக்கு. பேச்சுக் கேட்கக் கூட்ட முடிஞ்ச இடத்துல பாட்டுக் கேட்கவும் கூட்டலாம்.

அதுவரைக்கும் நிகழ்ச்சி நடத்துறவங்ககிட்ட ரெண்டு விஷயம் கேட்கிறோம். சொன்ன நேரத்துக்குத் தொடங்குங்க, கடைசி பஸ்ஸுக்கு ஓடுற ஆட்களும் உங்க டிக்கெட் வாங்கினவங்கதான். உள்ளே விக்கிற தண்ணிக்கும் சாப்பாட்டுக்கும் வெளி விலையே போடுங்க.

எங்க வயசு ஆட்களுக்குச் சொல்ல ஒண்ணுதான் இருக்கு. அடுத்த நிகழ்ச்சிக்குக் காசு சேர்க்கும்போது டிக்கெட், பஸ், சாப்பாடு மூணையும் எழுதிச் சேருங்க. மூணுக்கும் பத்தாட்டி இன்னும் ஒரு மாசம் பொறுங்க, வேற நிகழ்ச்சி வரும். வயித்தை வெட்டி டிக்கெட் எடுக்காதீங்க. அம்மா கேட்டா ஒளிக்காம விலையைச் சொல்லுங்க. "அரைப்பேர்தான்மா, வயிறு நிறைஞ்சுது" என்று சொன்னா, திட்டுறதுக்கு முன்னால ஒரு நிமிஷமாவது யோசிப்பாங்க.