சொன்னவளைக் காப்பதே செய்தி அறம்

பாண்டியன் அவையில் நின்ற கண்ணகியின் கண்ணீரை நாம் மேடைதோறும் பேசியிருக்கிறோம். பட்டிமன்றம் வைத்துப் பகுத்தும் பார்த்திருக்கிறோம். ஆனால் அவ்வவையில் வழக்கை வென்றது கண்ணீரன்று, சான்று. அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். சிலம்பு உடைந்து மணி தெறித்த பின்னரே மன்னன் தன் தவற்றை உணர்ந்தான். வலியோனை எதிர்த்து எளியவள் ஒருத்தி வழக்குரைக்க வந்தால், அவள் சொல்லுக்குத் துணையாகச் சான்றும் வேண்டும் என்பதை இளங்கோவடிகள் அன்றே காட்டிவிட்டார்.

இக்காலத்தில் அச்சான்றைத் தேடித் தரும் கடமையைச் செய்தியாளர் சிலர் மேற்கொண்டனர். அதிகாரம் படைத்த ஆடவர் பெண்கள்மீதும் சிறார்மீதும் இழைத்த பாலியல் கொடுமைகளை அவர்கள் வெளிக்கொணர்ந்த வரலாறு, அண்மை ஆண்டுகளில் திரைப்படங்களாகவும் வந்துள்ளது. அவற்றைக் கண்டு கைதட்டும் நாம், அவற்றிலிருந்து கற்றுக்கொள்வது யாது? இதுவே நம் முன் நிற்கும் வினா.

2015இல் வெளிவந்த 'ஸ்பாட்லைட்' படம், பாஸ்டன் குளோப் நாளிதழ் 2002இல் வெளியிட்ட புலனாய்வைச் சொல்வது. சிறுவர்களைச் சீரழித்த பாதிரியார்களையும், அவர்களை ஊர் மாற்றி ஊர் மாற்றிக் காத்த தலைமையையும் அவ்விதழ் அம்பலப்படுத்தியது. ஒரு சமயத்தாரைச் சுட்டி மற்றொரு சமயத்தார் மகிழ்வதற்குரிய படமன்று அது. மதிப்புக்குரிய நிறுவனம் எதுவாயினும், தன் பெயரைக் காக்கக் குழந்தைகளைப் பலியிடும் இயல்பு அதற்குள் புகக்கூடும் என்பதே அதன் பாடம். படத்தின் இறுதியில், பல ஆண்டுகளுக்கு முன்பே இச்செய்தி தம் கைக்கு வந்தும் தாமே அதைப் பொருட்படுத்தாது விட்டதை அப்பிரிவின் ஆசிரியர் ஒப்புக்கொள்கிறார். அக்காட்சியே படத்தின் உயிர் என்போம்.

2022இல் வந்த 'ஷி செட்' படத்தில் சண்டையில்லை; துரத்தலில்லை. நியூயார்க் டைம்ஸ் இதழின் இரு பெண் செய்தியாளர்கள் கதவுகளைத் தட்டுகிறார்கள். பல கதவுகள் மூடப்படுகின்றன. பணம் கொடுத்துக் கையொப்பம் வாங்கி வாய்பூட்டப்பட்ட பெண்கள் உள்ளே இருக்கிறார்கள். அப்பெண்களின் சொல்லை ஆவணங்களோடு ஒப்பிட்டு, குற்றஞ்சாட்டப்பட்டவரிடமும் விளக்கம் கேட்ட பின்னரே 2017 அக்டோபர் 5 அன்று அச்செய்தி அச்சேறியது. ஆலிவுட்டை ஆட்டிப்படைத்த தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டைன் 2020இல் நியூயார்க்கில் தண்டனை பெற்றார். 2024இல் அத்தீர்ப்பு மேல்முறையீட்டில் நீக்கப்பட்டது. 2025இல் நடந்த மறுவிசாரணையில் ஒரு குற்றச்சாட்டில் மீண்டும் குற்றவாளி எனக் காணப்பட்டார். செய்தி ஒரு நாளில் வெளிவரும். நீதியோ ஆண்டுக்கணக்கில் நடக்கும். அத்தனை ஆண்டுகளும் தளராது நிற்க வேண்டியவள் சொன்னவளே.

நம் நாட்டிற்கு வருவோம். 2024இல் வந்த இந்திப் படம் 'பக்ஷக்'. பீகார் மாநிலம் முசாபர்பூரில் ஆதரவற்ற சிறுமியர் இல்லத்தில் நடந்த கொடுமையை அடியொற்றியது. சிறிய செய்தி அலைவரிசை நடத்தும் பெண்ணொருத்தி தனியாளாய்ப் போராடுவதாகப் படம் அமைந்துள்ளது. நடந்ததோ வேறு. டாடா சமூக அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வுக்குழு ஒன்று பீகாரின் இல்லங்களுக்குச் சென்று, குழந்தைகளிடம் அமர்ந்து, பொறுமையாகக் கேட்டது. அதன் அறிக்கையே 2018இல் உண்மையை வெளிக்கொணர்ந்தது. இதில் நெஞ்சைச் சுடுவது ஒன்று உண்டு. அவ்வில்லத்தை நடத்தி, 2020இல் வாழ்நாள் முழுதும் சிறை என்ற தண்டனை பெற்ற பிரஜேஷ் தாக்கூர், தாமே நாளிதழ் நடத்தியவர்! வேலியே பயிரை மேய்ந்த கதை இது. பேனா கையில் இருப்பதனாலேயே ஒருவர் அறத்தின் பக்கம் நிற்கிறார் என்று நம்பிவிட முடியாது.

அறத்தின் பக்கம் நின்றவரும் உளர். அரியானாவின் சிர்சாவில் 'பூரா சச்' என்ற சிறு மாலை இதழை நடத்திய ராம் சந்தர் சத்ரபதி, தேரா சச்சா சவுதாவின் தலைவர்மீது குற்றஞ்சாட்டிய பெண் துறவி ஒருவரின் கடிதத்தை 2002இல் வெளியிட்டார். கடிதத்தில் கையொப்பம் இல்லை. எழுதியவள் மறைந்திருந்தாள்; வெளியிட்டவர் வெளிச்சத்தில் நின்றார். அவ்வாண்டு அக்டோபரில் சுடப்பட்டு, நவம்பரில் உயிர் நீத்தார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2017இல், பாலியல் வன்கொடுமை வழக்கில் குர்மீத் ராம் ரகீமுக்கு 20 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

நம் தமிழகத்தில் 2019இல் வெளிப்பட்ட பொள்ளாச்சிக் கொடுமை இருவகைப் பாடமும் தருவது. புகார் அளித்த பெண்ணின் பெயரைக் காவல்துறையே வெளியிட்டது. அரசாணையிலும் அப்பெயர் இடம்பெற்றது. அப்பெண்ணுக்கு 25 இலட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்குமாறு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட நேர்ந்தது. கொடியோர் எடுத்த காட்சியைக் கைப்பேசிகளில் பரப்பியவரோ எண்ணிலர். இரக்கத்தால் அனுப்பினோம் என்றனர். ஒவ்வோர் அனுப்புதலும் அப்பெண்ணுக்கு இழைத்த மற்றொரு கொடுமை என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. பின்னர் நடந்த விசாரணையில் அடையாளங்கள் காக்கப்பட்டன. சாட்சிகளில் ஒருவரும் பிறழவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்தது. மறைப்பு காத்தது, மறைப்பே நீதியை ஈட்டியது.

இவை தொலைவிலுள்ள ஊர்களின் கதைகள் என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. விடியற்காலையில் மேல்விஷாரத்திலும் இராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் காலணித் தொழிற்சாலைப் பேருந்துகளுக்காகக் காத்து நிற்கும் பெண்களை நாம் நாளும் காண்கிறோம். அவர்களுள் நம் மாணவியரின் அன்னையரும் அக்காமாரும் உளர். பத்துப் பேருக்குக் குறையாத பணியிடம் ஒவ்வொன்றிலும் உள்ளகப் புகார்க் குழு இருத்தல் வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். குழுவின் பெயர்ப்பலகை சுவரில் தொங்கினால் போதுமா? மேற்பார்வையாளன் தவறாக நடந்தான் என்று ஒருத்தி சொன்னால், அன்று மாலைக்குள் அவள் பெயர் தெருவெல்லாம் அறியுமாயின், அடுத்தவள் வாய் திறப்பாளா? "குடும்ப மானம்" என்று நாம் உதிர்க்கும் ஒரு சொல், வைன்ஸ்டைன் வாங்கிய கையொப்பங்களினும் வலிய பூட்டாகிவிடுகிறது.

ஆகவே மாணவச் செல்வங்களே, இத்தகைய படங்களைப் பாருங்கள். ஆயின் செய்தியாளரை மட்டும் கதைத்தலைவராகக் கொள்ளாதீர்கள். மூடிய கதவைத் திறந்து பேசியவளே தலைவி. உங்களுள் நாளை இதழாளர் ஆவோர் மூன்றை மறவாதீர்கள்: கேட்டதைச் சரிபாருங்கள், குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் பேச இடங்கொடுங்கள், சொன்னவளின் பெயரை உயிர்போல் காப்பாற்றுங்கள். இதழாளர் ஆகாதோர்க்கும் ஒரு கடமை உண்டு. கையிலிருக்கும் பேசியில் வந்ததை அப்படியே பிறர்க்கு அனுப்பாமல் விரலை அடக்குவதே அது.

கண்ணகி நீதி கேட்டு வந்தபோது மதுரையில் ஒரு வாயில் திறந்தது. நம் ஊரில் ஒருத்தி வந்து நின்றால், எந்த வாயில் திறக்கும்? விடை நம் கையில்தான் இருக்கிறது.