மாலை ஆறு மணிக்கு வையுங்கள் முகாமை

விடிகாலையில் வலையிலிருந்து மீனைப் பிரித்து ஏலத்துக்குக் கொடுத்துவிட்டு வரும் கோவளத்து இளைஞரிடம், காலை பத்து மணிக்குத் தாம்பரத்தில் வேலைவாய்ப்பு முகாம் என்றால் அவர் எப்படிப் போய்ச் சேருவார்?

அவரைப் போல வேலையையும் வீட்டையும் சுமந்துகொண்டே படிக்க வருபவர்களுக்காகத்தான் சமுதாயக் கல்லூரிகளே பிறந்தன. 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் 1996-இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டமும் இதற்கு வழிகாட்டின. பாடத்தோடு களப்பயிற்சி, வேலைக்கான வழிகாட்டல் எல்லாம் அந்தத் திட்டத்தின் உயிர்நாடி. ஆனால், அந்தச் சேவைகளுக்கான தேதியும் நேரமும் பெரும்பாலும் அலுவலக வசதிக்கே குறிக்கப்படுகின்றன. மதிப்பூதியத்தில் பாடம் நடத்தும் ஆசிரியருக்கும் இதே சிரமம்தான். வகுப்பு முடிந்ததும் அடுத்த வேலைக்கு ஓடுபவர் பகல்நேரப் பயிலரங்கில் எப்படி உட்காருவார்?

கோவளம் கடற்கரை 2021-இல் தூய்மைக்கும் பாதுகாப்புக்குமான நீலக்கொடிச் சான்று பெற்றது. அலைச்சறுக்குக் கற்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். அதனால் விருந்தோம்பல், உயிர்காப்பு, படகு எந்திரப் பழுதுபார்ப்பு என்று பயிற்சிகளை இங்கேயே நடத்தலாம்.

அதுவும் மாலையில். அறிவிப்பு ஒரு வாரம் முன்பே வாட்ஸ்அப்பில் வரட்டும். மீன் ஏலம் நடக்கும் இடம், பேருந்து நிறுத்தம், மாதா கோயில், தர்கா வாசல்களிலும் ஒட்டப்படட்டும். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையும் அதிலேயே அச்சிட வேண்டும்.