ஆறு சலித்த மணல்

ஆறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவது நீரே. ஆனால், ஆறு நீரை மட்டும் சுமந்து வருவதில்லை. தான் பிறந்த மலையையும் சிறிது சிறிதாகச் சுமந்து வருகிறது. மணலை வெறும் கட்டுமானப் பொருளாகக் காண்போர் மறந்துவிடும் உண்மை இது.

குடகுமலையின் தலைக்காவிரியில் தோன்றும் காவிரி, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் கடந்து பூம்புகார் அருகே கடலில் கலக்கிறது. மலைச்சரிவில் பாறைத்துண்டுகளையும் உருளைக்கற்களையும் உருட்டிய ஆறு, திருச்சிராப்பள்ளிச் சமவெளியில் மணலைப் பரப்புகிறது. தஞ்சைக் கழனிகளில் வண்டலைப் படியவிடுகிறது. கல், பரல், மணல், அயிர், வண்டல், களி எனப் பருமனுக்கேற்பப் பெயரிட்ட மொழி நம்முடையது. 2 மில்லிமீட்டர் முதல் 0.0625 மில்லிமீட்டர் வரையுள்ள துகள்களையே நிலவியலார் மணல் என்பர்.

இம்மாற்றத்திற்குக் காரணங்கள் இரண்டு. கற்கள் ஒன்றோடொன்று மோதித் தேய்வது ஒன்று. சரிவு குறையக் குறைய நீரின் விசை தளர்ந்து, பெரியனவற்றை முன்னும் சிறியனவற்றைப் பின்னுமாக இறக்கிச் செல்வது மற்றொன்று. மணலளவிற்குச் சிறுத்த துகள்கள் நீருக்குள் மோதிக்கொண்டாலும் மிகுதியாகத் தேய்வதில்லை. எனவே, சமவெளியில் ஆறு செய்வது அரைக்கும் வேலையன்று. சலிக்கும் வேலையே ஆகும். இவ்வரிசை எங்கும் சீராக அமைவதுமில்லை. பவானி, நொய்யல், அமராவதி ஆகிய துணையாறுகள் புதிய கற்களையும் மணலையும் கொண்டுவந்து சேர்க்கின்றன.

இந்த இயற்கை ஒழுங்கில் மனிதர் இருமுறை குறுக்கிடுகின்றனர். முதலாவது, அணை. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை பாசனத்திற்குப் பெருந்துணை புரிகிறது. அதேவேளையில், மேலிருந்து வரும் மணலையும் வண்டலையும் தன் நீர்த்தேக்கத்தில் தடுத்துக்கொள்கிறது. சுமையிழந்து வெளியேறும் நீர், கீழேயுள்ள படுகையை அரிக்கத் தொடங்குகிறது. இரண்டாவது, மணல் அள்ளுதல். வரவு குறைந்த இடத்தில் செலவைக் கூட்டுவது எவ்வகையில் அறிவுடைமையாகும்?

மணல் துகள்களுக்கிடையே உள்ள வெளிகளே வெள்ளநீரைத் தேக்கி நிலத்தடிக்கு அனுப்புகின்றன. களிமண் அவ்வாறு நீரை எளிதில் உட்செலுத்தாது. மணல் நீங்கிக் களி வெளிப்பட்ட ஆற்றில் வெள்ளம் வந்தாலும், கரையோரக் கிணறுகளுக்கு அதனால் பயன் குறைவு. பாலத்தூண்களின் அடித்தளமும் வெளிப்படுகிறது. மணல்வரத்து இழந்த கடற்கரையும் அரிப்புக்கு உள்ளாகிறது.

‘வீடு கட்ட மணல் வேண்டாவா?’ என்னும் வினா நியாயமானதே. பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் ஓரளவு கைகொடுக்கும். ஆனால், அதற்கும் குன்றுகளையே விலையாகக் கொடுக்கிறோம். இடிக்கப்பட்ட கட்டடங்களின் இடிபாடுகளை மீண்டும் பயன்படுத்துவதும், தேவைக்கு மேல் கட்டாதிருப்பதும் இன்னும் சிறந்த வழிகள். ஆற்றிலிருந்து எடுத்தே ஆகவேண்டுமெனில், ஓராண்டில் ஆறு கொண்டுவந்து சேர்ப்பதை அளந்தறிந்து, அதற்குள்ளாகவே எடுத்தல் வேண்டும்.

வங்கியில் இருப்பறியாமல் பணம் எடுப்பாரில்லை. ஆற்றிலோ இருப்பையும் வரவையும் அறியாமலே எடுக்கிறோம். ஒரு மணல் துகளை உருவாக்க மலைக்கும் ஆற்றுக்கும் தேவைப்பட்ட காலத்தை எண்ணிப் பார்க்கும் தலைமுறையே, அதனை அளவோடு பயன்படுத்தும் தலைமுறையாகவும் அமையும்.