வெயிலை யாரும் ஜெயிப்பதில்லை

'வெயிலை ஜெயிச்சுட்டேன்' என்று மே மாதத் தனிப்பயண வீடியோக்களில் சொல்கிறார்கள். எப்படி ஜெயிச்சீங்க பாஸ்? தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. காற்று அதைத் தாண்டிவிட்டால், பைக்கில் முகத்தில் அடிக்கும் காற்று உடம்புக்குச் சூட்டைத்தான் கொண்டுவரும். வியர்வை காய்வது ஒன்றே குளிர்ச்சி. அதுவும் உள்ளே தண்ணீர் இருக்கும்வரை. மன உறுதிக்கு இதில் வேலையே இல்லை.

அரியலூர் வழியாகக் காரைக்குப் போய்க் கூடாரம் போட்டவன் நான். பழைய கடலடிக் களிமண், மழை அரித்த மேடுபள்ளம், ஒதுங்க நிழல் கிடையாது. காலை எட்டு மணிக்கே நைலான் கூடாரம் அடுப்பாகிவிடும். எனக்கென்ன, சாவியைத் திருப்பினால் கொஞ்ச நேரத்தில் ஊருக்குள் ஒரு ஃபேனுக்குக் கீழே. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் அண்ணனுக்கும், நூறுநாள் வேலையில் ஏரி வெட்டும் அக்காவுக்கும் அந்தச் சாவி இல்லை. அவங்க தாங்குறதுக்கு யாரும் பின்னணி இசை போடுறதில்லை.

2024-இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். அந்தப் பேரிடரைத்தான் நீங்க ஜிம்மா நினைக்கிறீங்க.

போங்க, வேண்டாம்னு சொல்லல. பதினொன்றிலிருந்து மூன்றரை வரை வண்டியை நிறுத்தி மரத்தடியில் படுங்க. எடிட்டிங்கில் அதை மட்டும் வெட்டிடாதீங்க.