இழுத்துப் பார்த்தீர்களா?

பூட்டைப் பூட்டினால் ஒரு தடவை இழுத்துப் பார்க்கணும். பூட்டுக்குப் பேர் போன திண்டுக்கல்லில் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் கம்ப்யூட்டர் பூட்டு விஷயத்தில், பெரிய பெரிய ஆட்களே இழுத்துப் பார்க்காமல் ஜோசியம் சொல்லிவிட்டார்கள்!

2004 ஜனவரியில் மைக்ரோசாப்ட் நிறுவனர் பில் கேட்ஸ், வேண்டாத இ-மெயில் தொல்லை 2 வருஷத்தில் தீர்ந்துவிடும் என்றார். அடுத்த மாதமே, பாஸ்வேர்டுக்கும் காலம் முடியப்போகிறது என்றார். 20 வருஷம் தாண்டிவிட்டது. தொல்லையும் தீரவில்லை; பாஸ்வேர்டும் தொலையவில்லை.

நம்ம பக்கத்துக் கதை இன்னும் சுவாரஸ்யம். 2019 அக்டோபர் 29-ந்தேதி, கூடங்குளம் அணு உலையின் கட்டுப்பாட்டுக் கருவிகள் வெளியே எதோடும் இணைக்கப்படாதவை, அவற்றைத் தாக்கவே முடியாது என்று அறிக்கை வந்தது. மறுநாளே அணுமின் கழகம், அலுவலகக் கம்ப்யூட்டர் ஒன்றில் வைரஸ் புகுந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. உலைக்கு ஆபத்தில்லை. ஆனால் திருடன் திண்ணை வரை வந்துவிட்டானே!

பலிக்காத இன்னொரு ஜோசியமும் உண்டு. 2000 ஜனவரி 1-ந்தேதி கம்ப்யூட்டர்கள் தேதி குழம்பி உலகமே நின்றுவிடும் என்று பயமுறுத்தினார்கள். பெரிசாக ஒன்றும் ஆகவில்லை. ஏன்? பயந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ராத்திரி பகலாக உட்கார்ந்து சரி செய்தார்கள்.

பாடம் இதுதான். பயந்து வேலை பார்த்தால் தப்பலாம். "ஒன்றும் ஆகாது" என்று படுத்தால் போச்சு!

இன்றைய திருடன் பூட்டை உடைப்பதில்லை. சாவியை நம் கையாலேயே வாங்கிக்கொள்கிறான். போனில் ஓ.டி.பி. கேட்கிறான். வீடியோவில் போலீஸ் உடுப்போடு வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டுகிறான். அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே ரேடியோவில் இதைச் சொன்னார்.

பாங்கிகளுக்கு ஒரு வார்த்தை. வயசானவர் பதற்றத்தோடு வந்து டெபாசிட்டை உடைத்து, முன்பின் தெரியாத கணக்குக்கு அனுப்பச் சொன்னால், "யாருக்கு அய்யா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும்.

போலீசுக்கும் ஒரு வார்த்தை. பணம் போனவரை "அந்த ஸ்டேஷனுக்குப் போ" என்று அலைக்கழிக்காதீர்கள். அவர் அலைகிற நேரத்தில் பணம் நாலு கணக்கு தாண்டிவிடும்.

வாசகர்களே! பணம் போனால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். கல்லாப்பெட்டி பக்கத்தில் இந்த நம்பரை இன்றைக்கே எழுதி ஒட்டுங்கள்.