முத்தம் கேட்கும் மாமாவுக்கும் 'வேண்டாம்' சொல்லலாம்

2024 மார்ச்சில், புதுச்சேரி முத்தியால்பேட்டையில் 9 வயதுச் சிறுமி ஒருத்தி காணாமல்போனாள். சில நாள்கள் கழித்து வாய்க்காலிலிருந்து அவள் உடலைத்தான் மீட்டார்கள். ஊரே தெருவுக்கு வந்தது, கடைகள் அடைக்கப்பட்டன. கைதான இருவரும் வெளியூர்க்காரர்கள் அல்ல, அதே பகுதியில் வசித்தவர்கள்.

'தெரியாதவங்க சாக்லேட் கொடுத்தா வாங்காதே' என்பதுதான் நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ஒரே பாதுகாப்புப் பாடம். தெரிந்தவர் கொடுத்தால்? மத்திய அரசு 2007-ல் வெளியிட்ட ஆய்வுக்காக 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசினார்கள். ஏதோ ஒரு வகையில் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53 சதவிகிதம். அவர்களில் சற்று அதிகமாக இருந்தது ஆண் பிள்ளைகள்! 'பையன்தானே, அவனுக்கென்ன' என்று இருந்துவிட முடியாது.

சென்னையின் 'துளிர்' போன்ற அமைப்புகள் பள்ளிகளில் நடத்தும் பயிற்சிகளில் குழந்தைகளை யாரும் பயமுறுத்துவதில்லை. சாலையைக் கடப்பது, நெருப்பிடம் கவனமாக இருப்பது போலத்தான் இதையும் பேசத் தொடங்குகிறார்கள். கை, கால் போலவே அந்தரங்க உறுப்புகளுக்கும் பெயர் உண்டு, அதைச் சொல்ல வெட்கம் வேண்டாம் என்பது முதல் படி. பெயர் தெரியாத குழந்தை நடந்ததை எப்படிச் சொல்லும்?

'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' என்று நமக்குப் பழகிய சொற்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. தடுப்பூசி வலிக்கும், ஆனால் கெட்டதல்ல. பிரியமான ஒருவர் கொஞ்சியபடியே தவறாகத் தொட்டால், குழந்தைக்கு அது கெட்டதாகத் தோன்றாமலும் போகலாம். அதனால் உணர்வை நம்பச் சொல்லாமல் விதியாகவே சொல்லித்தருகிறார்கள்: சுத்தத்துக்கும் உடல்நலத்துக்கும் தவிர, வேறு எதற்காகவும் உன் அந்தரங்க உறுப்புகளை யாரும் தொடக்கூடாது, பார்க்கக் கூடாது.

பிறகு கேள்வி-பதில், நடிப்பு. 'அம்மாகிட்ட சொல்லாதே, நம்ம ரகசியம்' என்று ட்யூஷன் அண்ணன் சொன்னால் என்ன செய்வாய்? 'வேண்டாம்' என்று உரக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். அங்கிருந்து நகர்வது, நம்பிக்கையானவரிடம் சொல்வது, அவர் நம்பாவிட்டால் இன்னொருவரிடம் சொல்வது என்று பயிற்சி தொடர்கிறது. ஐந்து விரலுக்கு ஐந்து பெரியவர்களை எண்ணிவைத்துக்கொள்ளலாம். அதில் ஒருவராவது வீட்டுக்கு வெளியே இருப்பது நல்லது.

இத்தனையும் கற்று வந்த குழந்தையிடம், ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வந்ததும் நாம் என்ன சொல்கிறோம்? 'மாமாவுக்கு ஒரு முத்தம் கொடுடா செல்லம்!' அவன் நெளிந்தால், 'மரியாதை தெரியல' என்று அதட்டல் வேறு. பள்ளியில் படித்த பாடம் அந்த நொடியிலேயே அழிந்துவிடுகிறது. வணக்கம் சொன்னால் போதாதா?

குழந்தை வந்து சொன்னால், 'நீ ஏன் அங்கே போனே?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். 'சொன்னது நல்லது, உன்மேல தப்பே இல்லை' என்று அணைத்துக்கொள்ளுங்கள். அடுத்து 1098-க்கோ காவல்துறைக்கோ சொல்லுங்கள். 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, தெரிந்தும் சொல்லாமல் மறைப்பது குற்றம். வாக்குமூலம் வாங்கும் காவலர் சீருடையில் இருக்கக் கூடாது. குழந்தை தன் வீட்டிலேயே உட்கார்ந்து பேசலாம். அதன் பெயரோ படமோ பள்ளியின் பெயரோ ஊடகங்களில் வரக்கூடாது. 'வெளியே தெரிஞ்சா மானம் போயிடுமே' என்று தயங்கும் பாட்டி, தாத்தாவுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.